விதைக்கும் ஓர் அடையாள அட்டை வேண்டும்

ஊரை விட்டுப் புறப்பட்டபோது நாம் எதை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்? அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு பானை, ஒரு பாய். 1990 இல் ஓடியபோதும், 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் பல்லாயிரக்கணக்கில் பெயர்ந்தபோதும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறவில்லை. பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிப் பக்கம் நடந்த நம்மில் எத்தனை பேர், அடுக்களைப் பரணில் சாம்பலோடு கலந்து போத்தலில் வைத்திருந்த கத்தரி வித்தை எடுத்து வந்தோம்?

எடுத்து வராததற்காக யாரையும் குறை கூற முடியாது. உயிர் தப்பினால் போதும் என்றிருந்த நேரம் அது. ஆனால் திரும்பிப் போனபோது நடந்ததை மறந்துவிடவும் முடியாது. வீட்டுச் சுவர் நின்றது, கூரை இல்லை. கிணறு இருந்தது, கப்பி இல்லை. போத்தல் உடைந்து கிடந்தது. அதில் இருந்த வித்து, பெத்தாவின் தாய் காலத்திலிருந்து அந்த வளவில் முளைத்துக் காய்த்து மறுபடி போத்தலுக்குள் போன வித்து. அதற்குப் பிறகு இழப்பு விபரம் கேட்டு எமது கைக்கு வந்த படிவங்களில் வீட்டுக்கு ஒரு நிரல் இருந்தது. மாட்டுக்கும், உழவு இயந்திரத்துக்கும், வள்ளத்துக்கும் வலைக்கும் நிரல்கள் இருந்தன. விதைக்கென்று ஒரு நிரல் இருக்கவில்லை. கேட்காததை நாமும் சொல்லவில்லை.

இந்த இழப்பை எண்ணிப் பார்க்க ஒரு வழி உண்டு. அதைத்தான் படித்தவர்கள் பிறப்புரிமைப் பல்வகைமை பற்றிய ஆய்வு என்கிறார்கள். பெயர் பெரிதாக இருப்பதால் அது பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் உரிய விடயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அது தவறு என்பதே எமது கருத்து. அந்த ஆய்வின் முதல் பாடம் நம் வீட்டுக் கோடியிலும் நம் மூத்தவர்களின் நினைவிலும்தான் இருக்கிறது.

ஒரே காய், பல குணம்

கத்தரி வெளியிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட பயிர் அன்று என்றே சொல்லலாம். மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து வந்தவை. கத்தரியோ ஆசியாவில் பிறந்தது. அதன் மூதாதையான, முள் நிறைந்த, கசப்பான சிறு காய் காய்க்கும் காட்டுக் கத்தரி இன்றும் இந்தியாவிலும் இலங்கையிலும் தானாகவே வளர்கிறது. அறிவியலார் அதற்குச் சொலானம் இன்சானம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நம் வேலியோரத்துச் சுண்டையும் கண்டங்கத்தரியும் அதே குடும்பத்துச் சொந்தங்கள்.

இப்படி நெடுங்காலம் பழகிய மண்ணில் ஒரு பயிர் பலவாகப் பிரியும். நீட்டுக் காய், உருண்டைக் காய், வெள்ளை, ஊதா, பச்சை, வரி, முள்ளுள்ளது, முள்ளில்லாதது என்று நாம் சந்தையில் காணும் வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிபவை. விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த வர்க்கங்களிலும் இது தெரிகிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரி ஒன்று. சிங்களத்தில் 'லேன இரி', அதாவது அணில் வரி, என்று அழைக்கப்படும் கோடு விழுந்த கத்தரி இன்னொன்று.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளே விவசாயிக்கு அதிகம் உதவுபவை. ஒன்று மாரித் தண்ணீர் இரண்டு நாள் நின்றாலும் தாங்கும். ஒன்று பற்றீரியா வாடலில் சாயும். பக்கத்துப் பாத்தியில் நிற்கும் மற்றது சாயாது. வாவியோரத்து உவர் நிலத்தில் ஒன்று கருகும், ஒன்று பிழைக்கும். இந்தக் குணங்கள் வித்துக்குள் இருக்கும் பரம்பரையலகுகளில் எழுதப்பட்டவை. ஒரு வர்க்கம் முற்றாக அழிந்தால் அது சுமந்துவந்த சேர்க்கையும் அதனோடு போய்விடும். பணம் கொடுத்து அதைத் திரும்ப வாங்க முடியாது.

எல்லோரும் ஒன்றையே நட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அயர்லாந்து நாடு சாட்சி. அங்கே ஏழை மக்கள் பெரும்பாலும் ஒரே உருளைக்கிழங்கு வர்க்கத்தையே நம்பியிருந்தார்கள். 1845 இல் ஒரு பூஞ்சண நோய் போன்ற வெளிறல் வந்து வயல்களைக் கருக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். நிலவுடைமையும் ஆட்சியாளரின் பாராமுகமும் அந்தப் பஞ்சத்தைப் பெருக்கின என்பது உண்மை. ஆனால் நோய்க்கு வாசல் திறந்து கொடுத்தது அந்த ஒற்றைக் கிழங்கு.

ஆய்வு என்பது என்ன?

ஆய்வாளர் ஒருவர் ஒரு நாட்டின் கத்தரிகளை அறிய விரும்பினால் முதலில் ஊர் ஊராகச் சென்று விதை சேர்ப்பார். பிறகு எல்லாவற்றையும் ஒரே நிலத்தில், ஒரே பசளை, ஒரே நீர் கொடுத்து வளர்ப்பார். வெவ்வேறு மண்ணில் வளர்ந்தவற்றை ஒப்பிட்டால் மண்ணின் வேலை எது, விதையின் வேலை எது என்று பிரித்தறிய முடியாது. செடியின் உயரம், இலையின் முள், பூவின் நிறம், காயின் நீளமும் அகலமும், பூக்க எடுத்த நாள் என ஒவ்வொன்றையும் அளந்து எழுதுவார். அதன்பின் இளம் இலையைப் பறித்து, ஆய்வுகூடத்தில் அதன் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்து, சில குறிப்பிட்ட இடங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டு பேரின் கைரேகையை ஒப்பிடுவது போன்ற வேலை அது.

2012 இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு நல்ல உதாரணம். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்களும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து சீனா, ஸ்பெயின், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 52 கத்தரி மாதிரிகளை எடுத்தார்கள். வெளித் தோற்றத்தில் 28 குணங்களையும், உள்ளே 12 மரபுக் குறிகளையும் பார்த்தார்கள். ஒவ்வொரு நாட்டுக் கத்தரிக்குள்ளும் பரந்த வேறுபாடு இருந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. காயின் தோற்றம் காட்டிய உறவும் உள்ளே இருந்த குறிகள் காட்டிய உறவும் ஒத்துப்போகவில்லை. பார்வைக்கு அண்ணன் தம்பியாகத் தோன்றுபவை உள்ளே தூரத்து உறவாக இருக்கலாம். பார்வைக்கு அந்நியமானவை நெருங்கிய இரத்தமாக இருக்கலாம்.

இதில் நமக்கு என்ன? இரண்டு பயன் உண்டு. ஒரே கத்தரியை ஐந்து ஊரில் ஐந்து பெயரில் அழைக்கக்கூடும். அப்போது ஐந்தையும் தனித்தனியே காக்க மினக்கெடத் தேவையில்லை என்று ஆய்வு சொல்லும். மறுபுறம், 'எல்லாம் ஒரே ஊதாக் கத்தரிதானே' என்று நாம் கைவிட்ட ஒன்று தனி இனமாக இருக்கக்கூடும். அதையும் ஆய்வு சொல்லும். பழையதெல்லாம் சிறந்தது என்று நாம் கூற வரவில்லை. நம் உள்ளூர்க் கத்தரிகளில் காய்ப்புக் குறைந்தவையும் உண்டு, வாடலுக்குச் சட்டென்று மடிபவையும் உண்டு. எது எதைத் தாங்கும் என்று ஊகிக்காமல் அறிவதற்கே ஆய்வு வேண்டும்.

ஆனால் எந்த ஆய்வும் தன் கைக்கு வந்த விதையை மட்டுமே எண்ணும். உடைந்த போத்தலில் இருந்த வித்து எந்தக் கணக்கிலும் வராது.

அடையாளம் இழந்த வித்து

கன்னொறுவையில், பேராதனைக்கு அருகே, தாவரப் பிறப்புரிமை வளங்கள் நிலையம் இருக்கிறது. ஜப்பான் அரசின் உதவியுடன் 1980 களின் இறுதியில் அமைக்கப்பட்டது. நாட்டின் பல பாகத்து விதைகளையும் நன்கு உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைத்து, கடுங்குளிரில் அங்கே பாதுகாக்கிறார்கள். இத்தகைய விதை வங்கிகளில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பதிவு உண்டு. எந்த ஊர், என்ன மண், எந்த மாதம், ஊரார் அழைக்கும் பெயர் என்ன, எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை அவர்கள் விதையின் கடவுச்சீட்டு விபரம் என்றே அழைக்கிறார்கள்.

அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டுச் சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆள் உயிரோடு நின்றாலும் அட்டை இல்லாவிட்டால் அவர் யார் என்பதை இன்னொருவர்தான் முடிவு செய்வார். விதைக்கும் அதே கதிதான். பழுகாமத்து வளவில் இருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த வித்தை, முகாமின் தறப்பாள் கொட்டிலுக்குப் பின்னால் நான்கு செடியாக நட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செடியில் இருந்து யாராவது விதை எடுத்துப் பதிந்தால் எந்த ஊரென்று பதிவார்கள்? முகாம் இருந்த ஊரின் பெயரைத்தான். எந்த மண்ணில் அது எதைத் தாங்கிப் பழகியது என்ற செய்தி அங்கே அறுந்துபோகும். அந்தச் செய்தி இருக்கும் ஒரே இடம், அதைச் சுமந்து வந்த பெண்ணின் நினைவு.

விதையே இடம்பெயர்ந்த கதையும் உலகில் உண்டு. சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே, வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச நிலையமான இக்கார்டா பெரிய விதை வங்கியொன்றை வைத்திருந்தது. கோதுமை, பார்லி, பருப்பு, கடலை என்று அந்தப் பிரதேசத்து விவசாயிகள் நெடுங்காலம் பேணிய விதைகள் அங்கே இருந்தன. உள்நாட்டுப் போர் மூண்டபோது நிலையம் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. நல்ல வேளையாக, நோர்வேயின் வடகோடியில் சுவால்பார்ட் தீவில் 2008 இல் திறக்கப்பட்ட உலக விதைக் களஞ்சியத்துக்கு அவர்கள் ஏற்கெனவே மாற்றுப் பிரதிகளை அனுப்பியிருந்தார்கள். 2015 இல் அவற்றில் ஏறக்குறைய 38,000 மாதிரிகளைத் திருப்பி எடுத்து, லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017 இல் புதிய விதையை மறுபடி களஞ்சியத்தில் வைத்தார்கள்.

இரண்டு இடத்தில் இருந்ததால் அந்த விதை பிழைத்தது. திருப்பிக் கொடுக்கப்பட்டதால் மறுபடி முளைத்தது. இடம்பெயர்ந்த விவசாயிக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

பொட்டலத்தில் வந்த விதை

மீளக் குடியமர்ந்த காலத்தில் நமக்கு விதைப் பொட்டலங்கள் கிடைத்தன. 2011 சனவரி வெள்ளம் வயலையும் தோட்டத்தையும் அடித்துச் சென்ற பிறகும் கிடைத்தன. கொடுத்தவர்களின் நல்ல மனத்தை நாம் மறக்கவில்லை. அந்த நேரத்தில் அது பசியைப் போக்கியது. ஆனால் வீட்டுக்கு வீடு ஒரே பொட்டலம், ஒரே கத்தரி. அதில் சிலவற்றில் இருந்தது கலப்பின விதை.

கலப்பின விதை முளைக்காது, மலடு என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது சரியன்று. அதன் காயில் உள்ள வித்தும் முளைக்கும். ஆனால் தாய் ஒரு வர்க்கம், தகப்பன் ஒரு வர்க்கமாகச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறையே ஒரே சீராகக் காய்க்கும். அதிலிருந்து நாம் விதை எடுத்து நட்டால் ஒரு செடி ஒரு மாதிரியும் மறுசெடி வேறு மாதிரியும் நிற்கும். சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி விலையைக் குறைப்பார். ஆகவே அடுத்த போகத்துக்கும் பொட்டலம் வாங்க வேண்டும். கையில் காசு இருந்தால் அது ஒரு கணக்கு. கடனில் நிற்கும் குடும்பத்துக்கு அது இன்னொரு கடன்.

கலப்பினத்தை நடாதீர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு அந்தக் கூடிய விளைச்சல் வேண்டும். பத்துப் பாத்தியில் ஒன்பதில் எதையும் நடுங்கள். ஒரு பாத்தியை மட்டும் வீட்டு வித்துக்கு விடுங்கள் என்பதே நாம் கேட்பது.

யாருடைய வித்து?

ஆய்வு என்று வந்து விதையைக் கொண்டுபோனவர்கள் திரும்பி வரவே இல்லை என்ற மனக்குறை நம் கிராமங்களில் உண்டு. நாமும் அதை அனுபவித்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து விதையும் இலையும் வாங்கிச் சென்றார்; என்ன கண்டார் என்று ஒரு கடிதம்கூட வரவில்லை. இது சிறு விடயமன்று. இந்தியாவில் பற்றீரியாவின் பரம்பரையலகு சேர்த்த பிரீ கத்தரி பற்றி 2010 இன் தொடக்கத்தில் பல நகரங்களில் பொதுமக்கள் கூடி வாதிட்டார்கள். அந்த ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. அதே விவகாரத்தில், கர்நாடகத்து உள்ளூர்க் கத்தரி வர்க்கங்களை உரிய அனுமதி பெறாமல் ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள் என்ற முறைப்பாடும் எழுந்து வழக்குவரை சென்றது. மறுபுறம், தமிழ்நாட்டில் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி அந்தப் பெயரை வேறு ஊரார் தம் காய்க்குச் சூட்ட முடியாது.

1992 இல் நாடுகள் கூடிச் செய்த உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கை, இத்தகைய வளங்களின்மேல் அந்தந்த நாட்டுக்கே உரிமை என்று ஒப்புக்கொண்டது. பயனை நீதியாகப் பகிர வேண்டும் என்றும் கூறியது. நாட்டுக்கு உரிமை என்பது கொழும்போடு நின்றுவிடக் கூடாது. அது வித்தைக் காத்தவரின் வாசல்வரை வர வேண்டும்.

எனவே ஆய்வாளர்களிடம் நாம் கேட்பது மூன்று. விதை வாங்கும்போது கொடுத்தவரின் ஊரை, அதாவது சொந்த ஊரை, முகாமின் பெயரையல்ல, கேட்டு எழுதுங்கள். கண்டதை எமக்கு விளங்கும் தமிழில் வந்து சொல்லுங்கள். பெருக்கிய விதையில் ஒரு பங்கைத் திருப்பித் தாருங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விவசாய பீடமும் இருக்கிறது. 1990 இல் எம்மவர் ஆயிரக்கணக்கில் தஞ்சம் புகுந்த வளாகம் அது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் படுவான்கரைக் கத்தரிகளை ஊர் ஊராகச் சேர்த்துப் படித்தால் அதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறில்லை.

நிவாரணம் வழங்குவோரிடம் கேட்பது ஒன்று. அடுத்த முறை இழப்புப் படிவம் அச்சிடும்போது விதைக்கும் ஒரு நிரல் போடுங்கள். ஊரில் எஞ்சியிருக்கும் வித்தை விலைக்கு வாங்கி ஊராருக்கே பகிருங்கள்.

நாம் செய்யக்கூடியது

மற்றவரிடம் கேட்பதோடு நம் கடமை முடியாது. பெத்தாமார் செய்ததையே சற்று ஒழுங்காகச் செய்வோம்.

நோயில்லாத செடிகளில் நல்ல காயை முற்றி மஞ்சளாகும்வரை விட வேண்டும். மிகச் சிறந்த ஒரே செடியில் மட்டும் எடுக்கக் கூடாது. பத்து, இருபது செடிகளில் எடுத்துக் கலந்தால்தான் அந்த வர்க்கத்துக்குள் இருக்கும் வேறுபாடும் காப்பாற்றப்படும். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனாலும் வண்டும் தேனீயும் பக்கத்து வர்க்கத்தின் மகரந்தத்தைக் கொண்டுவரும். ஆகவே விதைப் பாத்தியை மற்றக் கத்தரியிலிருந்து இயன்றவரை தூரத்தில் வையுங்கள். காயைப் பிளந்து வித்தை நீரில் கழுவினால் பதர் மிதக்கும், நல்லது அடியில் தங்கும். நிழலில் நன்றாக உலர்த்தி, உலர்ந்த சாம்பல் சேர்த்து, இறுக மூடிய போத்தலில் வைக்க வேண்டும். நம் ஈரக் காற்றில் வித்து அதிக காலம் வலுவோடு இராது. ஆண்டுக்கொரு தடவை, தவறினால் இரண்டாண்டுக்கொரு தடவை, நட்டுப் புதுப்பிக்க வேண்டும்.

வேலியில் நிற்கும் சுண்டையை வீணாக வெட்ட வேண்டாம். வாடல் பிடிக்கும் நிலத்தில் சுண்டைத் தண்டில் கத்தரியை ஒட்டி வளர்க்கும் முறை பல நாடுகளில் உண்டு. வாடலைத் தாங்கும் வலு அந்த வேரில் இருக்கிறது.

போத்தலில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டுங்கள். அதில் வித்தின் பெயர், சொந்த ஊர், யாரிடம் பெற்றது, எந்த ஆண்டு எடுத்தது, எதைத் தாங்கும் என்று ஐந்து வரி எழுதுங்கள். எழுத முடியாத மூத்தவர்களிடம் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். அதுவே அந்த வித்தின் அடையாள அட்டை. பிறகு ஒரு பங்கை வாவியின் மறுகரையில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வெள்ளமோ வேறெதுவோ வந்தால் ஒரு கரையில் அழிந்தது மறுகரையில் இருக்கும்.

இன்னும் ஊர் திரும்பாதவர்களும், திரும்ப இயலாமல் வேறிடத்தில் வேரூன்றியவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதை அறிவோம். காணி கையில் இல்லாதபோது விதையைப் பற்றிப் பேசுவது அவர்களுக்கு வேதனையாக இருக்கலாம். காணிக்கான கோரிக்கையை நாம் கைவிடவில்லை. ஆனால் ஒரு தீப்பெட்டிக்குள் ஆயிரம் கத்தரி வித்துக்கு மேல் அடங்கும். காணியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நடக்கலாம். பழைய வாளியிலும் உரப்பையிலும்கூட நான்கு செடி காய்க்கும்.

இந்தப் போகத்தில் ஒரு செடியின் காயைச் சந்தைக்கு அனுப்பாமல் முற்ற விடுவோம். அதற்குப் பெயர் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வோம்.